மூலம் ஒன்று, உரை பல

பிழை எங்கே என்று தேடத் தொடங்கும்போது, நம்மிலும் இளையவரின் வேலையைத்தான் நாம் முதலில் சந்தேகிக்கிறோம். ஆசிரியப் பணியில் இருபது ஆண்டுகள் கழிந்தபின், ஒரு பழைய கணினியின் முன் அமர்ந்து இதை உணர்ந்தோம்.

நாங்கள் என்பது இருவர். ஒருவர் கணிதத்துறை, மற்றவர் தமிழ்த்துறை, இதை எழுதும் கை அவருடையது. எங்கள் மேற்பார்வையில் ஒரு மாணவி முனைவர் பட்டத்துக்காகக் குறுந்தொகையின் சொல்லாட்சியை ஆராய்ந்துவந்தார். பாடலுக்கு ஒரு வரிசை, சொல்லுக்கு ஒரு பத்தி என்று பெரிய எண் அணி ஒன்றை அமைத்து, எந்தப் பாடல்கள் ஒன்றையொன்று நெருங்குகின்றன என்று காண்பது நோக்கம். கணித ஆய்வகத்தின் புதிய கணினியில் ஐம்பது பாடல்களைக் கொண்டு சோதித்தோம், நிரல் ஓடியது. அதை நூலகங்களோடு அப்படியே பென் டிரைவில் எடுத்துவந்து, 400-க்கும் மேற்பட்ட பாடல்களைத் தமிழ்த்துறையின் பழைய கணினியில் ஓட்டினார். சொற்களை எண்ணியது, பட்டியலை அச்சிட்டது, அணிகளைப் பெருக்கும் இடம் வந்ததும் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்ற ஒற்றை வரியோடு மாண்டது.

புதிதாகச் சேர்ந்தவை பாடல்கள்தாமே! “சொற்பிரிப்பில் எங்கோ தவறியிருக்கிறாய் அம்மா, மறுபடி பார்” என்றது தமிழ் படித்த வாய். “சரிங்க ஐயா” என்று போனவர் மூன்று வாரம் கழித்துத்தான் வந்தார். நிரல் அதே இடத்தில் மாண்டது.

அன்றுதான் முன்பே செய்திருக்க வேண்டியதைச் செய்தோம். பழைய ஐம்பது பாடல்களையே இந்தக் கணினியில் ஓட்டினோம், மாண்டது. பாடலே இல்லாமல், வெறும் ஒன்றுகளால் ஆன இரண்டு அணிகளைப் பெருக்கச் சொன்னோம், அப்போதும் மாண்டது. குறுந்தொகை குற்றமற்றது.

அணிப் பெருக்கலைச் செய்வது பிளாஸ் என்னும் நூலகம். 1979-இல் வெளியான அதன் முதல் வரையறை, எந்தப் பெயரில் அழைத்தால் எந்தக் கணக்கு நடக்க வேண்டும் என்று மட்டும் சொல்வது. எப்படி நடத்துவது என்பது எழுதுபவர் பாடு. தொல்காப்பியச் சொல்லதிகாரம் ஒன்றுதான். இளம்பூரணர், சேனாவரையர், தெய்வச்சிலையார், நச்சினார்க்கினியர், கல்லாடர் என உரைகள் பல. அதுபோல. கசுஷிகே கோட்டோ என்பவர் ஒவ்வொரு செயலிக்கும் ஏற்பக் கையாலேயே பொறிமொழியில் செதுக்கிய கோட்டோபிளாஸிலிருந்து 2011-இல் கிளைத்தது ஓப்பன்பிளாஸ். நாங்கள் பயன்படுத்தியது அதைத்தான். கட்டும்போது அது தானிருக்கும் செயலியை அடையாளம் கண்டு, அதற்குரிய உரையை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆய்வகக் கணினியில் இருந்தது 2013-இல் வந்த ஹாஸ்வெல் வகைச் செயலி. அதற்கு ஏவிஎக்ஸ்2 ஆணைகள் தெரியும். தமிழ்த்துறைக் கணினி 2010-இல் வாங்கியது. ஏவிஎக்ஸ் ஆணைகள் இன்டெல் செயலிகளில் புகுந்ததே 2011-இல்தான். தனக்குத் தெரியாத ஆணையைக் கேட்ட செயலி வேறென்ன செய்யும்?

செயலியின் திறன்களைப் பட்டியலிடும் கோப்பில் ஏவிஎக்ஸ் என்ற சொல்லே இல்லை. பிழைதிருத்தியில் பார்த்தால், நிரல் நின்ற இடத்தில் ‘வி’ எழுத்தில் தொடங்கும் ஓர் ஏவிஎக்ஸ் ஆணை. ஓப்பன்பிளாஸுக்குச் செயலியின் பெயரைச் சூழல் மாறி வழியாகச் சொல்லிப் பார்த்தோம், பயனில்லை. ஒரே உரையோடு கட்டிய நூலகத்தில் தேர்ந்தெடுக்க வேறு உரை ஏது? பின்னர் ‘டைனமிக் ஆர்ச்’ என்ற விருப்பத்தோடு புதிதாகக் கட்டினோம். கட்ட நேரம் கூடுதல், நூலகத்தின் அளவும் பெரிது. ஆனால் எல்லா உரைகளும் உள்ளே இருக்கும். ஓடும் கணத்தில் செயலியைப் பார்த்துப் பொருத்தமானதை எடுத்துக்கொள்ளும். மாலைக்குள் முழுத் தொகையும் ஓடி முடிந்தது.

மாணவி மகிழவில்லை. “அப்படின்னா நான் பிரிச்சது முதல்லயே சரிதானா ஐயா?” என்று கேட்டார். சரிதான் என்றோம். அவர் தம் குறிப்பேட்டைத் திறந்து காட்டினார். எங்கள் சொல்லை நம்பி, சரியாகப் பிரித்திருந்த பதினான்கு இடங்களைத் தவறென்று கருதி மாற்றியிருந்தார். மாற்றிய ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணமும் எழுதியிருந்தார்.

கணினியைச் சரிசெய்ய ஒரு பிற்பகல் போதுமாயிருந்தது. அந்தப் பதினான்கையும் மீட்க, மூவரும் உட்கார்ந்து ஒரு வாரம் ஆயிற்று.