முழங்கைக்கும் முழங்காலுக்கும் நடுவே

பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கற்க வந்து ஆறேழு மாதம் ஆனவர்களுக்கு ஒரு பசி எடுக்கும். தினம் ஒரு புதுப் பிடி வேண்டும். கையை மடக்குவது, கழுத்தை நெரிப்பது, கணுக்காலைத் திருகுவது என்று வீடியோவில் பார்த்ததையெல்லாம் மனதில் அடுக்கிக்கொண்டு வகுப்புக்கு வருவார்கள். பயிற்சி மெத்தையில் இறங்கி ஒருவரோடு மல்லுக்கட்டினால், அடுக்கி வைத்ததில் ஒன்றுகூட வெளியே வராது. பிடி அவர்களுக்குத் தெரியும். அதைப் போடக்கூடிய இடத்துக்குத்தான் அவர்கள் போய்ச் சேருவதில்லை.

நான் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் பெரும்பகுதி நேரம் இந்த இடம் பிடிக்கும் வேலைக்கே போய்விடுகிறது. பார்க்க வருகிறவர்களுக்குச் சலிப்பாகத்தான் இருக்கும். இரண்டு பேர் தரையில் ஒட்டிக்கிடக்கிறார்கள். ஒருவர் இடுப்பை நான்கு விரற்கடை நகர்த்துகிறார். மற்றவர் தோளை ஒரு சுற்று திருப்புகிறார். ஆட்டம் முடிவாவது அந்த நான்கு விரற்கடையில்தான்.

இதற்கு உலகம் பார்த்த சாட்சி ஒன்று உண்டு. 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் முதல் யுஎஃப்சி கலப்புச் சண்டைப் போட்டி நடந்தது. ஜியு-ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசி அன்று இரவு மோதிய முதல் எதிராளி ஆர்ட் ஜிம்மர்சன், ஒரு கையில் மட்டும் உறை மாட்டிக்கொண்டு வந்த குத்துச்சண்டைக்காரர். கிரேசி அவரைத் தரையில் சாய்த்து நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்தார். கையையும் மடக்கவில்லை, கழுத்தையும் நெரிக்கவில்லை. ஜிம்மர்சன் தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். அரங்கத்தில் பலருக்கு என்ன நடந்தது என்றே புரிந்திருக்காது. கீழே கிடந்தவருக்குப் புரிந்தது: இனி நடக்கப்போவது எதையும் தன்னால் தடுக்க முடியாது.

இந்தக் கலை இப்படி அமைந்ததற்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. ஜப்பானில் கானோ ஜிகோரோ 1882-இல் தொடங்கிய கோடோகான் ஜூடோ பள்ளியில் பயின்ற மிட்சுயோ மாயெடா, 1914-இல் பிரேசிலுக்குப் போனார். பிறகு பெலெம் நகரில் தங்கிவிட்டார். அங்கே அவரிடம் கற்றவர்களில் கார்லோஸ் கிரேசி ஒருவர். கார்லோஸும் தம்பி ஹீலியோவும் ரியோ டி ஜெனிரோவில் இதை வளர்த்தார்கள். ஜூடோவில் எதிராளியைச் சுத்தமாக மல்லாத்தி எறிந்தால் ஆட்டம் முடிந்தது. கிரேசிகள் இறங்கிய, ஏறக்குறைய எதுவும் செல்லும் 'வாலே டூடோ' சண்டைகளில், விழுந்த பிறகுதான் ஆட்டமே சூடு பிடிக்கும். மேலே இருப்பவர் குத்தலாம். அதனால் யார் மேலே, யார் கீழே, கீழே இருப்பவரின் கால்கள் எங்கே என்ற கேள்விகள் உயிர்நாடியாயின.

இன்றைய போட்டி விதிகளிலும் அந்தக் கணக்கின் தடம் இருக்கிறது. சர்வதேசக் கூட்டமைப்பான ஐபிஜேஜேஎஃப் விதிப்படி எதிராளியைத் தரையில் சாய்த்தால் 2 புள்ளி. கீழே இருந்தவர் கால்களால் புரட்டி மேலே வந்தால், அதாவது ஸ்வீப் செய்தால் 2. வயிற்றில் முழங்காலை ஊன்றி நிறுத்தினால் 2. எதிராளி கால்களால் போடும் வேலியான 'கார்டை'க் கடந்து பக்கவாட்டில் வந்து அமுக்கினால் 3. நெஞ்சின்மேல் ஏறும் மவுண்டுக்கும், முதுகுக்குப் பின்னால் போய் இரு கால்களையும் கொக்கி போல் மாட்டுவதற்கும் 4. எங்கே போய்ச் சேர்ந்தாலும் அங்கே 3 விநாடி நிலைத்திருக்க வேண்டும். எவ்வளவு ஆபத்தான இடமோ அவ்வளவு புள்ளி.

இந்த ஏணியை மனப்பாடம் செய்ய அரை மணி நேரம் போதும். ஏறுவதும் இறங்காமல் இருப்பதும் வேறு கதை. மாணவர்களுக்கு நான் கொடுக்கும் ஒரே சாவி இது: எந்த நிலையிலும் முதலில் பார்க்க வேண்டியது, கீழே இருப்பவரின் முழங்கைக்கும் முழங்காலுக்கும் நடுவே உள்ள இடைவெளி. அவை இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும்வரை அவரை யாரும் கடந்துவிட முடியாது. அவை பிரிந்து, நடுவே மேலே இருப்பவரின் இடுப்போ முழங்காலோ கையோ நுழைந்துவிட்டால், அப்புறம் எல்லாம் சரிவுதான். தாக்குபவரின் வேலை அந்த இரண்டையும் பிரிப்பது. தற்காப்பவரின் வேலை மறுபடி சேர்ப்பது.

பக்கவாட்டில் அமுக்கும் நிலையான சைடு கண்ட்ரோலை எடுத்துக்கொள்வோம். நான் மல்லாந்து கிடக்கிறேன். எதிராளி என் வலப் பக்கத்திலிருந்து குறுக்கே, நெஞ்சோடு நெஞ்சு அழுந்தக் கிடக்கிறார். அவருடைய ஒரு கை என் கழுத்துக்கு அடியில் போயிருக்கிறது. அந்தத் தோள் என் தாடையை அழுத்தி முகத்தை இடப் பக்கம் திருப்புகிறது. முகம் போகும் திசையில் முதுகெலும்பு போகும். அவர் பக்கம் நான் திரும்ப முடியாதபடி என் தலையே பூட்டாகிவிட்டது. மற்றொரு கை என் இடது அக்குளுக்கு அடியில் நுழைந்து தோளைத் தூக்கிப் பிடித்திருக்கிறது.

இந்த இடத்தில் புதிதாக வந்தவர்கள் செய்வது ஒன்றுதான்: இரண்டு கைகளையும் நீட்டி, மேலே கிடப்பவரைக் கூரையை நோக்கித் தள்ளுவார்கள். நீட்டிய கை வெகுமதி; மேலே இருப்பவர் அதை வாங்கிக்கொண்டு மடக்கிவிடுவார்.

வகுப்பில் வழக்கமாக வரும் புகார் ஒன்று உண்டு. "கோச், அவர் எடை ஜாஸ்தி. தூக்கவே முடியலை."

"தூக்கச் சொன்னது யாரு? அவர் அங்கேயே இருக்கட்டும். நீங்க நகருங்க."

நகர்வது எப்படி? வலது முன்கையை அவருடைய இடுப்பு எலும்பில் வைக்கிறேன். இடது முன்கை அவர் தாடைக்கு அடியில், கழுத்தோரம் போகிறது. கைத்தசையால் தள்ளுவதில்லை, எலும்பை முட்டுக் கொடுக்கிறேன். பாதங்களை இடுப்புக்கு அருகே இழுத்து, இடுப்பைப் பாலம் போல் ஒரு முறை உயர்த்துகிறேன். அவர் உடல் சற்றே எழும்பி, மறுபடி இறங்குகிறது. இறங்கும்போது முட்டுக் கொடுத்த எலும்புகளின்மேல் இறங்குகிறது. உயர்ந்ததற்கும் இறங்கியதற்கும் நடுவே உள்ள அந்த ஒரு கணத்தில் என் இடுப்பு இடப் பக்கம் பின்வாங்கிவிட்டது. வலது முழங்கைக்குக் கீழே இப்போது ஒரு சந்து இருக்கிறது. வலது முழங்கால் அதில் நுழைந்து முழங்கையைத் தொடுகிறது. வேலி மறுபடி நின்றுவிட்டது.

அனுபவம் உள்ளவர் மேலே இருந்தால் சும்மா இருப்பாரா? என் இடுப்புக்கு அருகே தன் முழங்காலை ஒட்டிவைத்து அந்தச் சந்தையே அடைத்திருப்பார். அப்போது பாலத்தை வேறு திசையில் போட வேண்டும், அல்லது அவர் அடுத்த நிலைக்கு நகரும்வரை காத்திருக்க வேண்டும். நகரும்போது எவருக்கும் எடை கொஞ்சம் தளரும். தப்பிக்கும் வாய்ப்புகளில் பெரும்பாலானவை இப்படி இடம் மாறும் நேரத்தில்தான் வருகின்றன. முரட்டு பலத்தால் மூச்சை வீணாக்கியவருக்கு அந்த நேரம் வரும்போது பயன்படுத்தத் தெம்பு இருக்காது.

இனி மேலே இருப்பவர் பக்கம். ஆடுபுலி ஆட்டத்தில் ஆடுகள் எதையும் வெட்டுவதில்லை. புலி நகரக்கூடிய வழிகளை ஒவ்வொன்றாக அடைத்து, கடைசியில் அசையவிடாமல் செய்துதான் வெல்கின்றன. நல்ல ஜியு-ஜிட்சுக்காரர் மேலே இருக்கும்போது ஆட்டுக்காரரின் புத்தியோடு இருக்க வேண்டும். பிடி தேடி அலையும்போது புலியாகிவிடுகிறோம். ஒரு தாவலில் பிடி கிடைக்காவிட்டால் நிலையும் போய்விடும்.

கார்டைக் கடக்கும் 'நீ ஸ்லைஸ்' என்ற பாஸைப் பாருங்கள். என் முழங்கால் எதிராளியின் தொடைக்குக் குறுக்கே, கத்தி போல் தரையை நோக்கி இறங்குகிறது. எல்லாருடைய கண்ணும் அந்த முழங்காலில்தான் இருக்கும். அந்தப் பாஸ் நிற்பதும் விழுவதும் மேலே, அக்குளில் தீர்மானமாகிறது. எதிராளி என்னை நோக்கி ஒருக்களித்து, தன் தூரத்துக் கையை என் அக்குளுக்கு அடியில் நுழைத்துவிட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். என் முதுகுக்குக்கூடப் போய்விடுவார். அதே கையின் அக்குளுக்கு அடியில் என் கை முதலில் போனால் அவர் முதுகு தரையில் படிந்துவிடும். முழங்கால் தானாகக் கடந்துவிடும். அண்டர்ஹூக் என்று நாங்கள் சொல்லும் இந்தச் சின்னச் சண்டையைத்தான் முதலில் வெல்ல வேண்டும். முழங்காலுக்கு அவசரமில்லை.

மவுண்டிலும் இதே கதை. இடுப்பின்மேல் தாழ உட்கார்ந்தால் கீழே இருப்பவரின் முழங்கை தன் முழங்காலைத் தேடி வந்து சேர்ந்துவிடும். என் கால் ஹாஃப் கார்டில், அதாவது அவருடைய இரு கால்களுக்கு நடுவே, சிக்கிக்கொள்ளும். ஆகவே ஏறியதும் நெரிக்கப் பார்க்காமல், என் முழங்கால்களை ஒவ்வொன்றாக அவருடைய அக்குள்வரை ஏற்றுகிறேன். அவர் முழங்கைகள் விலாவை விட்டு அகன்று மேலே போகின்றன. இனி அவை கீழே இறங்க வழியில்லை.

இதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் ரோஜர் கிரேசி. 2009 உலகப் போட்டியில் தன் எடைப் பிரிவிலும் எடை வரம்பில்லாத பிரிவிலும் எதிர்த்தவர்கள் அனைவரையும் தட்ட வைத்து இரண்டு தங்கமும் வாங்கினார். அவருடைய பேர்போன ஆயுதம் மவுண்டிலிருந்து சட்டைக் காலரைக் குறுக்காகப் பிடித்து நெரிப்பது. வெள்ளை பெல்ட் மாணவருக்கு ஆரம்ப வகுப்புகளிலேயே காட்டப்படும் பிடி. வரப்போவது என்னவென்று எதிராளிக்குத் தெரியும். தெரிந்தும் தடுக்க முடியாததற்குக் காரணம், காலரைப் பிடிப்பதற்கு முன்பே எதிராளியின் முழங்கைகள் வேலைக்கு உதவாத இடத்துக்குப் போயிருப்பதுதான்.

வேறு உடல், வேறு வழி: மார்செலோ கார்சியா. பிடிச் சண்டைக்கான ஏடிசிசி போட்டியில் 77 கிலோ பிரிவில் 4 முறை பட்டம் வென்றவர். தன்னைவிட மிகவும் கனத்தவர்களோடும் மோதியவர். கனத்த ஆளை மேலிருந்து அமுக்குவது சின்ன உடம்புக்குக் கடினம். அவர் தேடிப்போனது முதுகை. முதுகுக்குப் பின்னால் போய்விட்டால் எதிராளியின் எடை அவருக்கே உதவாது. ஒரு கை தோளுக்கு மேலாக, மற்றது அக்குளுக்கு அடியாகச் சென்று நெஞ்சில் கோத்துக்கொள்ளும் பிடியை சீட் பெல்ட் என்போம். நெஞ்சு முதுகோடு ஒட்டியிருக்கும்வரை கால் கொக்கி ஒன்று கழன்றாலும் மறுபடி மாட்டிக்கொள்ளலாம். நெஞ்சு விலகினால் இரண்டு கொக்கிகளும் வீண்.

இந்த இருவரையும் வைத்து நான் மாணவர்களிடம் வியூகம் பேசுவேன். இருவரும் எல்லாமும் தெரிந்தவர்கள். ஆனால் போட்டியில் ஒரு குறுகிய பாதையில்தான் நடந்தார்கள். நமக்கும் அப்படி ஒரு பாதை வேண்டும். நின்ற நிலையிலிருந்து கீழே போக ஒரு வழி, கீழே மாட்டினால் புரட்டி மேலே வர ஒரு ஸ்வீப், அது கொண்டுசேர்க்கும் இடத்திலிருந்து ஒரு பாஸ், அந்தப் பாஸ் முடியும் பக்கத்திலிருந்தே ஏறக்கூடிய மவுண்ட் அல்லது முதுகு, அங்கே ஒரே ஒரு நெரிப்பு. ஒன்றின் முடிவு அடுத்ததன் தொடக்கமாக இருக்க வேண்டும். வலப் பக்கம் புரட்டிவிட்டு இடப் பக்கம் மட்டுமே பாஸ் தெரிந்தவர், நடுவே கிடைத்த அந்த அரை விநாடியை எதிராளிக்குத் தானம் செய்துவிடுகிறார்.

கடிகாரமும் வியூகத்தில் சேரும். பெரியவர்கள் பிரிவில் வெள்ளை பெல்ட் ஆட்டம் 5 நிமிடம், நீலம் 6, ஊதா 7, பழுப்பு 8, கறுப்பு 10. ஐந்து நிமிட ஆட்டத்தில் முதல் நிமிடத்திலேயே பாஸ் செய்து 3 புள்ளி எடுத்தவர், பிறகு பொறுமையாக இருக்கலாம். எதிராளிதான் திறந்துகொண்டு வர வேண்டும். பின்தங்கியவர் அவசரத்தில் கையை நீட்டுவார். பிடி அப்போது தானாக வரும். நிலையை விட்டுக்கொடுத்துப் பிடியைத் துரத்துவது, வேறு வழியே இல்லாத கடைசி நிமிடத்துக்கான சூதாட்டம்.

இதையெல்லாம் உடம்பில் ஏற்றுவது எப்படி? முழு ஆட்டமாகவே ரோல், அதாவது பயிற்சி மோதல், செய்துகொண்டிருந்தால் பலவீனமான இடத்தில் நாம் செலவிடும் நேரம் மிகக் குறைவு; பிடித்த இடத்துக்கே ஓடிவிடுவோம். அதனால் என் வகுப்பில் நிலை குறித்த ஆட்டம் தினமும் உண்டு. ஒருவர் சைடு கண்ட்ரோலில் மேலே, மற்றவர் கீழே, அங்கிருந்தே தொடக்கம். கீழே இருப்பவர் முழங்காலை நுழைத்துவிட்டால் அவர் வென்றார். மேலே இருப்பவர் மவுண்டுக்கு ஏறிவிட்டால் அவர் வென்றார். உடனே நிறுத்தி, அதே இடத்திலிருந்து மறுபடி. முழு ஆட்டத்தில் எப்போதாவது ஒரு முறை சந்திக்கும் சிக்கலை, ஒரே சுற்றில் திரும்பத் திரும்பச் சந்திக்கலாம்.

சில சுற்றுகளில் மேலே இருப்பவருக்குப் பிடியே கூடாது என்று விதி வைப்பேன். ஆரம்பத்தில் தவித்துப்போவார்கள், வேட்டைக்குப் போனவர் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கியது மாதிரி முழிப்பார்கள். கொஞ்ச நேரத்தில், எதிராளியின் மூச்சு எந்தப் பக்கம் போகிறது, எந்த முழங்கை அசையப் பார்க்கிறது என்பதை நெஞ்சாலேயே கேட்கத் தொடங்குவார்கள். பலசாலிகளுக்கு இந்தச் சுற்று கசக்கும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு மிகவும் பிடிக்கும். வேகத்திலும் பலத்திலும் இளைஞரோடு போட்டிபோட முடியாதவருக்கு, சரியான இடத்தில் எடையை வைப்பது ஒன்றுதான் நிலைத்த சொத்து.

எத்தனை பேரைத் தட்ட வைத்தோம் என்று எண்ணும் வழக்கத்தையும் கொஞ்ச நாள் ஒதுக்கிவைப்பது நல்லது. அடுத்த வகுப்பில் வேறு கணக்கு வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ரோல் முடிந்ததும் தோழரிடம் ஒரே கேள்வி: "என் முழங்கை எப்போ திறந்துச்சு?" அவர் சொல்லும் அந்த இடத்திலிருந்தே அடுத்த சுற்றைத் தொடங்குங்கள்.