மேற்படி

ரொம்ப நாளாயிற்று எழுதி. இந்த முறை, ஒரு சின்ன மென்பொருளுக்கு 'உபயோகிக்கும் முறை' எழுதித் தரப் போய் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை.

நல்லேப்பிள்ளியில் தாத்தா மளிகைக்கடை வைத்திருந்தார். பரணில் கிடந்த மூன்று பற்று வரவு நோட்டுகளை சித்தப்பா பையன் படம் பிடித்து அனுப்பினான். நான் மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை லீவுகளில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஆயிரத்து நானூறு வரி. (பேங்க்கில் இவ்வளவு பொறுமை கிடையாது என்கிறாள் மனைவி.)

சொன்ன வேலைக்குத் தானே கோப்பைத் திறந்து படித்துப் பதில் சொல்கிற ஏஐ ஏஜென்ட்டிடம் அதைக் கொடுத்தேன். மூச்சுத் திணறியது. காரணம் மகள் சொன்னாள். கோப்பு ஜேசான் வடிவில் இருந்தது. அதில் ஒவ்வொரு வரியிலும் 'பெயர்', 'தேதி', 'சரக்கு', 'தொகை' என்று தலைப்பும் திரும்பத் திரும்ப வரும். வரிக்கு வரி தலைப்பு எழுதுகிற கணக்குப்பிள்ளையை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? ஏஜென்ட் படிப்பதோ டோக்கன் கணக்கில். ஒரே நேரத்தில் இவ்வளவுதான் என்று வரம்பும் உண்டு. அதிலும் தமிழுக்குச் செலவு கூடுதல். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது, 116 டோக்கன் ஆன ஒரு தமிழ் மாதிரி வாக்கியம் இப்போது 35-க்குள் அடங்குகிறது என்று ஓப்பன்ஏஐ பெருமையாகச் சொன்னது. அதற்கு முன்னால் நிலைமை எப்படி இருந்திருக்கும் பாருங்கள்.

மகள் அறுபது வரியில் ஒரு சுருக்கி எழுதினாள். தலைப்பு மேலே ஒரே முறை. காலி கட்டங்கள் போச்சு. மேல் வரியில் இருந்த பெயரே கீழேயும் வந்தால் 'மேற்படி' குறி. இதைத்தான் தாத்தாவும் செய்திருந்தார்! பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸. இந்தக் குறிகளுக்கெல்லாம் 2003-ல் வந்த யூனிகோடு 4.0-லேயே இடம் கொடுத்துவிட்டார்கள். ஆசையாக ௸-ஐயே போடச் சொன்னேன். "அப்பா, அது அபூர்வமான எழுத்து, அது ஒண்ணுக்கே ரெண்டு மூணு டோக்கன் போயிடும்" என்று சொல்லிவிட்டு வெறும் கோடு போட்டாள்.

பிறகு, பக்கத்து வீதிக்காரர் ஒருவரின் கணக்கைக் கேட்டேன். முப்பத்தேழு ரூபாய் பாக்கி என்று வந்தது. வேடிக்கையாகச் சித்தப்பா பையனிடம் சொன்னேன். அவன் போய் அந்த வீட்டில் சொல்லியிருக்கிறான். மறுநாள் அந்த வீட்டுப் பாட்டியம்மா வீடியோ காலில் வந்துவிட்டார். "தம்பி, அவரு கடன் வெச்சுட்டுப் போற ஆளில்லப்பா. நல்லாப் பாரு." குரல் நடுங்கியது. பக்கத்தில் பேரன் பர்ஸோடு நிற்கிறான்.

பார்த்தேன். சுருக்கி கோப்பை இருநூறு இருநூறு வரியாக வெட்டிக் கொடுக்கிறது. ஒரு துண்டின் முதல் வரியே மேற்படிக் கோடு. மேலே ஒன்றுமில்லை, பின் எது மேற்படி? ஏஜென்ட் 'தெரியாது' என்று சொல்லாமல், நான் கேட்ட பெயரையே அங்கே போட்டுக்கொண்டது. பாக்கி வேறொருவருடையது. போதாததற்கு, தாத்தா 'வருஷம் 30' என்று எழுதியதை 1930 என்று வேறு படித்திருந்தது. அது கொல்லம் ஆண்டு 1130, அதாவது 1954-55. தாத்தாவுக்கு அது தெரியும், வாடிக்கைக்காரர்களுக்கும் தெரியும். நோட்டில் எங்கும் எழுதவில்லை.

"அப்பா, கோடை நான் சரி பண்ணிடறேன். எப்படி உபயோகிக்கறதுன்னு நீங்க எழுதுங்க, சர்க்குலர் எழுதித்தானே பழக்கம்" என்றாள். எழுதினேன். சுருக்கி என்ன செய்யும் என்பதற்கு நாலு வரி போதுமாயிருந்தது. என்ன செய்யாது என்பதற்குத்தான் ஒன்றரைப் பக்கம். ஒவ்வொரு துண்டும் முழுப் பெயரோடுதான் தொடங்க வேண்டும். எத்தனை வரி, மொத்தத் தொகை எவ்வளவு என்று தலையிலேயே போட வேண்டும். நடுவில் அறுந்தால் அப்போதுதான் தெரியும். (2025-ல் வந்த டூன் என்ற வடிவத்திலும் வரி எண்ணிக்கையைத் தலைப்பிலேயே சொல்கிறார்கள். நம் பேங்க்கில் வவுச்சர் கட்டின் மேல் எண்ணிக்கையும் கூட்டலும் எழுதுவதும் இதற்குத்தான்.) ஆண்டு எந்தக் கணக்கு என்று எழுது. பெயர் தெரியாவிட்டால் 'தெரியாது' என்று சொல்லச் சொல்லி ஏஜென்ட்டுக்கு எழுது. பணம் பாக்கி என்று யாரிடமும் சொல்லும் முன் நோட்டின் படத்தைத் திறந்து பார். கடைசி வரியை மகள் நீக்கப் பார்த்தாள், இது மென்பொருள் சம்பந்தப்பட்டதில்லையாம். நான் விடவில்லை.

பாட்டியம்மாவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்னப்பா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, "அப்ப அது யாரோட பாக்கி?"

லைன் சரியில்லை பாட்டி, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டேன் :-)