காம்புக்குள் இறங்கும் தண்ணீர்

பிளாஸ்டிக் பிடி அழுகாது, பூச்சி அரிக்காது என்றுதான் எல்லோரும் வாங்குகிறார்கள். உண்மைதான். ஆனால் யாங்கூன் மிங்கலா தாங்ஞுன்டில் எங்கள் பட்டறைக்கு வரும் கத்திகளில் பிடி கெட்டு வந்தவை குறைவு. பிடிக்குள் இருக்கும் காம்பைத் துரு தின்று வந்தவையே அதிகம்.

மே கடைசியில் பிடிக்கும் மழை அக்டோபர் வரை விடாத ஊர் இது. மீன் அரிகிறவர் வேலை முடித்து, கத்தியை வாளித் தண்ணீரிலேயே போட்டுவிட்டுப் போவார். ரிவெட்டு ஓரத்து மயிரிழைச் சந்தில் உப்புத் தண்ணீர் இறங்கும். காய்ந்து வெளியேற வழியில்லை. துருவுக்கு இரும்பைவிட இடம் அதிகம் வேண்டும். அது உப்பிப் பிடியின் இரண்டு பக்கத் தகட்டையும் நெம்பும். வெளியே தெரிவது சின்ன விரிசல் மட்டும்.

அந்தச் சந்து பெரும்பாலும் வெந்நீரால் வருவது. வழுவழுப்பான கறுப்பு அசிட்டால், கசாப்புக் கடைகளில் பார்க்கும் வெள்ளை பாலிபுரொப்பிலீன், இரண்டுமே சூட்டில் இரும்பைப்போல ஏறத்தாழ எட்டுப் பத்து மடங்கு விரியும். கொதிநீரில் அலசி உடனே பச்சைத் தண்ணீரில் முக்கினால், விரிந்ததும் சுருங்கியதுமாக ரிவெட்டின் பிடிமானம் தளர்கிறது.

எங்கள் மேஸ்திரி கத்தியை வாங்கியதும் அலகைப் பார்க்க மாட்டார். பிடியைக் காதோரம் வைத்து நகத்தால் தட்டுவார். கெட்டியான சத்தம் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். பொள்ளலாகக் கேட்ட இடத்தில் சாக்கட்டியால் வட்டம் போடுவார். பிரித்துப் பார்த்தால் துரு அந்த வட்டத்துக்குள்ளேயே இருக்கும். அந்தக் காது எனக்கு வரப் பல மழைக்காலம் ஆனது.

எனக்குப் பிரியமானது துணி அடுக்கிய பேக்கலைட் தகடு, மைகார்ட்டா என்கிறார்களே, அது. தமிழ்நாட்டில் சுவிட்ச் போர்டுக்குப் போடும் ஹைலமும் இதே இனம். பிசினில் நனைத்த துணியைச் சூட்டில் அழுத்திச் செய்வதால் மறுபடி உருகாது, வெந்நீருக்கும் அசையாது. ஈரக் கையில் வழுக்காது என்பதற்காகவே மீன்காரர்களுக்கு இதைத்தான் சொல்வேன். அதற்கு ஆகாதது காரம். வெற்றிலை மடிக்கும் குன்யாக் கடைக்காரர்கள் சுண்ணாம்புக் கையோடு பிடித்துத் துடைக்காமல் வைத்தால், நாளடைவில் மேல் பிசின் மங்கி நூல் தெரியத் தொடங்கும்.

ஒட்டும் வேலையில் புதுப் பையன்கள் வைஸை முழு மூச்சாக முறுக்குவார்கள். அப்படி ஒருவன் இறுக்கிய பிடி மறுநாளே கையோடு வந்தது. மேஸ்திரி திட்டவில்லை. காம்பு பளபளவென்று வறண்டு கிடந்ததைக் காட்டி, "பசையை எல்லாம் பிதுக்கி வெளியே தள்ளிட்டியே தம்பி, எது ஒட்டும்?" என்றார். செய்முறை இதுதான்: காம்பை முரட்டு உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்கும் கீறு, ஸ்பிரிட்டில் துடை, துடைத்த இடத்தில் விரல் வைக்காதே, நடுவில் இரண்டு சிறு துளை போட்டால் பசை இரு பக்கமும் கைகோத்துக்கொள்ளும். எப்பாக்ஸி நன்றாக இறுகும்வரை வைஸை மிதமாக விடு. அசிட்டாலும் பாலிபுரொப்பிலீனும் எப்பாக்ஸியைச் சரியாக ஏற்காதவை. அங்கே ரிவெட்டுதான் கதி.

ராவும்போது கையுறை வேண்டாம். பித்தளை ஆணி விரலைச் சுட்டால் சூடு உள்ளே பசைக்கும் போகிறது என்று பொருள். நிறுத்தி ஆறவிட வேண்டும். ஜி-10 தகட்டில் இருப்பது கண்ணாடி நார். அதைத் தண்ணீர் தெளித்துத்தான் ராவ வேண்டும், மூக்கை மூடித்தான் ராவ வேண்டும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

பிடி பொருத்திக் கொடுக்கும்போது சொல்லி அனுப்புவது கொஞ்சம்தான். சோப்பு நீரில் கழுவி உடனே துடையுங்கள். தின்னர், அசிட்டோன் படவிடாதீர்கள். ஈர உறையில் சொருகாமல், அலகு கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள். தண்ணீர் பிடியை விட்டு வடியும். மழை பிடிப்பதற்கு முன் ஒருமுறை கொண்டுவந்தால் சந்து ஓரத்தில் தேன்மெழுகு உருக்கி இழுத்துத் தருகிறேன்.