'அது' வருவதற்கு 38 வருஷம்!

நீங்கள் வேலை பார்க்கும் கம்பெனி ஒரு கிரிக்கெட் டீம் வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டீம் பெயரிலேயே கம்பெனி பெயர். தோற்றால் மறுநாள் மானேஜர் மூஞ்சியைப் பார்க்க முடியாது. ஜெயித்தால், லீவு லெட்டரில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து! ஜப்பானில் பேஸ்பால் கிட்டத்தட்ட இப்படித்தான் நடக்கிறது.

மொத்தம் 12 டீம். பெயர்களைப் பாருங்கள்... குட்டி பாட்டிலில் புளித்த பால் விற்கும் யாகுல்ட், பன்றிக்கறி விற்கும் நிப்பான் ஹாம், பேப்பர்காரர்கள் இரண்டு பேர், ரயில் கம்பெனிகள் இரண்டு. மிட்டாய்க் கம்பெனி கூட ஒன்று உண்டு. லோட்டே! 2004-ல் நம்ம சென்னை பாரீஸ் மிட்டாய்க் கம்பெனியை வாங்கிய அதே லோட்டே குடும்பம்தான். சின்ன வயசில் நாம் சப்பிய 'காபி பைட்'டுக்கும் ஜப்பான் பேஸ்பாலுக்கும் இப்படி ஓர் ஒன்றுவிட்ட உறவு.

எனக்குச் சொந்த ஊர் ஆரணிக்குப் பக்கத்தில் சேவூர். பட்டுத்தறிச் சத்தத்தில் தூங்கி, அதே சத்தத்தில் எழுந்த ஆள். ஆபீஸ் வேலையாக 2023 மார்ச்சில் ஒசாகாவில் போய் இறங்கினேன். திரும்பியது நவம்பர் கடைசியில். அதாவது, சரியாக ஒரு பேஸ்பால் சீசன்!

எங்கள் செக்ஷனில் ஒரு பெரியவர். ரிடையர் ஆக இரண்டு வருஷம் பாக்கி. முதல் வாரமே கேட்டார்: "நீங்க எந்த டீம்?"

"இன்னும் எதுவும் இல்லை சார்."

"அப்படின்னா ஹான்ஷின் டைகர்ஸ்" என்று அவரே முடிவு செய்துவிட்டார். ஒசாகாவில் குடியிருப்பவனுக்கு வேறு வழி கிடையாதாம்.

ஹான்ஷின் ஒரு ரயில் கம்பெனி. ஒசாகாவுக்கும் கோபேவுக்கும் நடுவே அதன் ரயில் ஓடுகிறது. வழியில் 1924-ல் ஒரு ஸ்டேடியம் கட்டினார்கள். மேட்ச் பார்க்க வருகிற கூட்டம் ரயில் டிக்கெட்டும் வாங்கியாக வேண்டுமே! ஸ்டேடியத்தின் பெயர் கோஷியென். நமக்கு பிரபவ முதல் அட்சய வரை அறுபது வருஷச் சுற்று இருப்பதுபோல அவர்களுக்கும் ஓர் அறுபது உண்டு. அதில் முதல் வருஷம் 1924-ல் பிறந்தது. அந்த வருஷப் பெயரையே மைதானத்துக்கும் வைத்துவிட்டார்கள். பேர் வைக்க பஞ்சாங்கம் பார்க்கிற வழக்கம் நமக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்!

ஆறு மணிக்கு மேட்ச். டை கட்டிய ஆபீஸ்காரர்கள் ரயிலில் வந்து இறங்கி, பையிலிருந்து மஞ்சள் கறுப்புப் புலிச் சட்டையை எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். காலையில் லிஃப்டில் மூச்சு விடுகிற சத்தம்கூட வராமல் நின்ற மனுஷன், சாயங்காலம் தொண்டை கிழியப் பாடுகிறார். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் தனிப் பாட்டு, டிரம்பெட், மேளம். ஆனால் ஒரு ஒழுங்கு. நம்ம டீம் மட்டை பிடிக்கும்போதுதான் நாம் பாடலாம். எதிராளி மட்டை பிடித்தால் அந்தக் கூட்டத்தின் முறை. பஸ்ஸுக்குக்கூட வரிசையில் நிற்கிற ஜனம், கத்துவதற்கும் வரிசை!

முதுகில் பீர் பீப்பாயைக் கட்டிக்கொண்டு சின்னப் பெண்கள் படி ஏறி இறங்கி விற்கிறார்கள். ஸ்டேடியம் திறந்த நாளிலிருந்தே விற்கும் கறி சாதம் ஒன்றும் பிரபலம். நம்ம குழம்புக்குத் தூரத்துச் சொந்தம். கல்யாணப் பத்திரிகை அனுப்புகிற அளவுக்கு நெருக்கம் இல்லை.

ஒரு டீமுக்கு வருஷத்துக்கு 143 மேட்ச். பெரும்பாலும் திங்கள் மட்டும் ஓய்வு. ஆகஸ்ட் வந்தால் இன்னொரு வேடிக்கை. பள்ளிக்கூடப் பசங்களின் தேசியப் போட்டிக்காக டைகர்ஸ் தன் சொந்த மைதானத்தையே காலி செய்துவிட்டு, வெயிலில் ஊர் ஊராகப் போய் ஆட வேண்டும். வீட்டில் விசேஷம் என்றால் வந்தவர்களுக்கு அறையைக் கொடுத்துவிட்டு நாம் திண்ணையில் படுப்போமே, அந்த மாதிரி. ரசிகர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'சாவுப் பயணம்'.

இத்தனை பக்தி காட்டும் ஜனங்களுக்கு டீம் திருப்பிக் கொடுத்தது என்ன? அதைக் கேட்டால் அழுகை வரும்.

டைகர்ஸ் முதன்முதலாக ஜப்பான் சாம்பியன் ஆனது 1985-ல். அந்த அக்டோபரில் லீக் பட்டம் வாங்கிய ராத்திரி, ஒவ்வொரு ஆட்டக்காரர் பெயரையும் சொல்லி, அவர் ஜாடையில் இருக்கும் ரசிகர் ஒருவர் டோடோன்போரி ஆற்றில் குதித்தார். ராண்டி பாஸ் என்ற அமெரிக்கரின் முறை வந்தது. தாடி வைத்த வெள்ளைக்காரருக்கு எங்கே போவது? பக்கத்துச் சிக்கன் கடை வாசலில் நின்ற கர்னல் சாண்டர்ஸ் பொம்மையைத் தூக்கி ஆற்றில் போட்டார்கள்!

அதோடு பிடித்தது சனி என்பது ஊர்ப் பேச்சு. 1987 முதல் 2001 வரை 15 வருஷத்தில் 10 தடவை கடைசி இடம். 2005-ல் லீக் ஜெயித்து இறுதிச் சுற்றுக்குப் போனால், நம்ம மிட்டாய்க்காரர் லோட்டே 4-0 என்று துவைத்து அனுப்பினார். 2009-ல் பொம்மை சேற்றிலிருந்து கிடைத்தது, கண்ணாடியும் இடது கையும் இல்லாமல். அப்போதும் கோப்பை வரவில்லை.

2023-ல் மானேஜர் ஒகாடா அகினோபு. 1985 டீமில் ஆடியவர். பட்டம், சாம்பியன் போன்ற வார்த்தைகளை அவர் வாயால் சொல்வதே இல்லை. 'அரே' என்பார். ஜப்பானியத்தில் 'அது' என்று அர்த்தம். பெயரைச் சொன்னால் பையன்கள் மனசு ஆட்டத்தை விட்டு அதிலேயே போய்விடும் என்பது அவர் கணக்கு. ஊரே தொற்றிக்கொண்டது. ஆபீசில், ரயிலில், எங்கும் 'அது'தான். புருஷன் பெயர் முருகன் என்பதால், கோயிலில்கூட "அவரு பேருக்கு ஒரு அர்ச்சனை" என்று சொல்லும் எங்கள் ஊர்ப் பெரியம்மாக்கள் நினைவுக்கு வந்தார்கள்.

எங்கள் நைனாவும் அப்படித்தான். தறியிலிருந்து புடவையை அறுத்து மடிக்கிற வரை 'முடிஞ்சிடுச்சி' என்ற வார்த்தை அவர் வாயில் வராது. யாராவது கேட்டால், "ஆவும்போது ஆவும்". ஒரு விரற்கடை பாக்கி இருக்கும்போதுகூட இழை அறுந்ததைப் பார்த்தவர். நான் அந்தக் குழியில் இறங்கியதில்லை. எனக்கு அப்புறம் யார் என்று அவர் கேட்டதும் இல்லை.

செப்டம்பரில் டைகர்ஸ் அடுத்தடுத்து ஜெயித்தது. 14-ம் தேதி கோஷியெனில் பரம எதிரி யோமியூரி ஜயன்ட்ஸுடன் மேட்ச். டிக்கெட் கிடைக்கவில்லை. பெரியவரும் நானும் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் டி.வி. முன்னால். 4-3 என்று இழுபறி. கடைசி இன்னிங்ஸில் இவாசாகி பந்து வீச வந்தார். அவர் வரும்போது வேறு ஒருவரின் பாட்டு ஒலித்தது. அவரோடு ஒரே வருஷம் டீமுக்குத் தேர்வான யோகோடா ஷின்டாரோவின் பாட்டு. மூளைக்கட்டியால் ஆட்டத்தை விட்ட பையன். அந்த ஜூலையில்தான் 28 வயசில் இறந்திருந்தார். ஸ்டேடியம் முழுக்க அதைப் பாடியது. ஜெயித்ததும் மானேஜரை மேலே தூக்கிப் போட்டுக் கொண்டாடினார்கள். யோகோடாவின் 24-ம் நம்பர் சட்டையும் கூடவே மேலே போனது. கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார்.

நவம்பர் 5. ஜப்பான் இறுதிப் போட்டியின் ஏழாவது மேட்ச். எதிரே அதே ஒசாகாவின் ஓரிக்ஸ். 7-1. 38 வருஷத்துக்குப் பிறகு 'அது' வந்தேவிட்டது! கடையே குதித்தது. பெரியவர் மட்டும் அசையாமல் டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், சந்தோஷம் இல்லையா?"

"எண்பத்தஞ்சுல எனக்கு இருபது வயசு. இனிமே வருஷா வருஷம் வரும்னு நினைச்சேன். அதனால அன்னிக்கு சரியாப் பார்க்கலை. இன்னிக்காவது முழுசாப் பார்க்கணும்."

தம்பிகளே, ஒசாகா பக்கம் ஆபீஸ் வேலை வந்தால் ஒரு சாயங்காலம் கோஷியென் போய் வாருங்கள். டைகர்ஸ் பக்கத்தில் உட்காரும்போது ஜயன்ட்ஸின் ஆரஞ்சு நிறச் சட்டை மட்டும் வேண்டாம். உயிருக்கு நான் பொறுப்பில்லை!

2025-ல் டைகர்ஸ் மறுபடி லீக் ஜெயித்தது. இறுதிப் போட்டியில் சாஃப்ட்பேங்க் 4-1 என்று கவிழ்த்துவிட்டது. சேவூருக்குப் போன் போட்டபோது நைனாவே கேட்டார்:

"இன்னாடா ஆச்சு உங்க புலிங்க?"

"தோத்துட்டாங்க நைனா."

"சரி விடு. அடுத்த பாவு ஏத்திட்டாங்களா?"