பழம் பொறுக்கிய பள்ளத்தாக்கு

பனைமரத்தைப் பார்ப்பதற்காக யாராவது கடல் கடந்து ஆப்பிரிக்காவுக்குப் போவார்களா? போகமாட்டார்கள். நானும் அதற்காகப் போகவில்லை. சிங்கத்தையும் யானையையும் அவற்றின் சொந்த வீட்டிலேயே பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையினால்தான் போனேன். ஆயினும், யுகாண்டா நாட்டின் வடகிழக்கு மூலையில் உள்ள கிடெப்போ என்னும் தேசீய வனத்திலிருந்து திரும்பிய பிறகு, என் மனத்தை விட்டு அகலாமல் நிற்பது அங்கே கண்ட பனைமரந்தான். அதன் காரணத்தை நேயர்களுக்குச் சொல்லவேண்டும்.

தலைநகரான கம்பாலாவில் என் தம்பி உத்தியோகம் பார்க்கிறான். அரைப் பரீட்சை விடுமுறையில் நானும் என் மனைவியும் அவன் வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கிருந்து கிடெப்போவுக்கு ஐந்நூறு கிலோ மீட்டருக்கும் அதிகமான தூரம். ஆகாய விமானத்திலும் போகலாம். ஆனால் உபாத்தியாயர் சம்பளத்துக்கு ஜீப் வண்டிதான் பொருத்தம்! பகல் முழுவதும் குலுங்கிக் குலுங்கிப் போய், எலும்புகள் எல்லாம் யதாஸ்தானத்தில் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துக்கொண்டு இறங்கினோம்.

வனம் என்றதும் சூரிய வெளிச்சம் நுழையாத அடர்ந்த காட்டை எண்ணிவிடாதீர்கள். கண்ணுக்கு எட்டிய மட்டும் பொன்னிறப் புல்வெளி. இடையிடையே குடை பிடித்தாற் போன்ற வேல மரங்கள். சுற்றிலும் நீல மலைகள். வடக்கே உள்ள மலைகள் தெற்கு சூடான் தேசத்தைச் சேர்ந்தவை. இத்தகைய பூமிக்குப் பூகோள சாஸ்திரத்தில் 'சவானா' என்று பெயர். இருபது வருஷ காலமாகக் கரும்பலகையில் நான் எழுதி வந்த அந்தச் சொல்லின் அர்த்தம் அன்று மாலைதான் எனக்கு நன்றாக விளங்கிற்று.

வனத்தின் பரப்பு 1,442 சதுர கிலோ மீட்டர். அதில் நாரூஸ், கிடெப்போ என்று இரண்டு பள்ளத்தாக்குகள் இருக்கின்றன. வறட்சிக் காலத்தில் கிடெப்போ ஆறு வற்றி வெறும் மணலாகிவிடுகிறது. நாரூஸில் மட்டும் ஆங்காங்கே குட்டைகளில் தண்ணீர் தங்கும். ஆகவே மிருகங்கள் எல்லாம் அங்கே வந்து கூடுகின்றன. காட்டெருமைகளை நூற்றுக்கணக்கில் பார்த்தோம். யானைகள் குட்டிகளை நடுவில் விட்டுக்கொண்டு மெதுவாக நடந்து சென்றன. பாறை ஒன்றின் உச்சியில் இரண்டு சிங்கங்கள் மத்தியானத் தூக்கம் தூங்கின. யுகாண்டாவில் மற்ற இடங்களில் காண்பதற்கு அரிய தீக்கோழியும் இங்கே உண்டு. சிவிங்கிப்புலியும் உண்டு என்றார்கள். அது எங்களுக்குத் தரிசனம் கொடுக்கவில்லை.

இந்த மிருகங்கள் இன்றைக்கு மிஞ்சி நிற்பதே பெரிய காரியம். கரமோஜா என்னும் இந்தப் பிரதேசத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெல் என்ற வெள்ளைக்கார வேட்டைக்காரர் தந்தத்துக்காக யானைகளைச் சுட்டுக் குவித்தார். அதனால் 'கரமோஜோ பெல்' என்ற பட்டமும் பெற்றார். பிறகு 1979-ஆம் ஆண்டில் இடி அமீனின் ஆட்சி கவிழ்ந்தபோது, மொரோட்டோ நகரத்து ஆயுதக் கிடங்கு கொள்ளை போயிற்று. துப்பாக்கிகள் நாடெங்கும் பரவின. ஒட்டகச்சிவிங்கிகள் விரல் விட்டு எண்ணும்படி குறைந்துபோய், 1997-இல் கென்யாவிலிருந்தும் 2018-இல் மர்ச்சிசன் நீர்வீழ்ச்சி வனத்திலிருந்தும் சிலவற்றைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டியதாயிற்று.

மறுநாள் கிடெப்போ ஆற்றுக்குப் போனோம். அகன்ற வெண்மணல் படுகை. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கரையோரமெல்லாம் பனைமரங்கள்! நம் ஊர்ப் பனைக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். நடுமரம் சற்றே பருத்திருக்கிறது. பழம் செம்மஞ்சள் நிறம். அந்தப் பழத்தின் மேல் யானைகளுக்கு அபார மோகம்.

"கிடெப்போ என்றால் பொறுக்கி எடுப்பது என்று பொருள். அந்தக் காலத்தில் ஜனங்கள் வெகு தூரத்திலிருந்து இங்கே வந்து பனம்பழம் பொறுக்கிக்கொண்டு போவார்கள். அதைப் புளிக்கவைத்து மது செய்வார்கள்" என்றார் எங்களுடன் வந்த வனக்காவலர்.

"பொறுக்கியவர்கள் எல்லாரும் இப்போது எங்கே?" என்று கேட்டாள் என் மனைவி.

அவர் பதில் சொல்லாமல் தென்கிழக்கே கையை நீட்டினார். அங்கே 2,750 மீட்டர் உயரமுள்ள மொருங்கோலே மலை தெரிந்தது.

அந்த மலையில் வசிப்பவர்கள் ஈக் என்ற சிறு ஜாதியார். கிடெப்போ அவர்களுடைய வேட்டை பூமியாக இருந்தது. 1958-இல் பிரிட்டிஷ் சர்க்கார் இதை மிருக சரணாலயம் ஆக்கினர். 1962-இல், நாடு சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில், தேசீய வனம் ஆயிற்று. ஜனங்கள் வெளியேற்றப்பட்டார்கள். வேட்டை போயிற்று, பஞ்சம் வந்தது. அந்தப் பஞ்ச காலத்தில் அவர்களிடையே தங்கியிருந்த காலின் டர்ன்புல் என்னும் ஆராய்ச்சியாளர், 1972-இல் 'மலை மக்கள்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். ஈக் ஜனங்களுக்கு அன்பு என்பதே கிடையாது என்று அதில் எழுதினார். உலகம் அதை நம்பிற்று. பின்னால் அவர்கள் பாஷையைக் கற்ற பெர்ன்ட் ஹைனே என்ற ஜெர்மானிய அறிஞர் 1985-இல் அதை மறுத்து எழுதினார். ஈக் ஜனங்கள் மற்றவர்களைவிடப் பகிர்ந்து உண்பதில் குறைந்தவர்கள் அல்ல என்று 2020-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியும் கூறுகிறது. வயிறு காய்ந்திருந்தபோது கண்ட ஒரு முகத்தையே அவர்களுடைய சுபாவம் என்று எழுதிவிட்டால் அது நியாயமாகுமா?

மிருகங்களைக் காப்பாற்றியது தவறு என்று நான் சொல்லவில்லை. காவல் இல்லாவிட்டால் அந்த யானைகளை நாங்கள் பார்த்திருக்க முடியாது. ஆனால் காவலின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் மறக்கலாகாது. இக்காலத்தில் வன நுழைவுக் கட்டணத்தில் நூற்றுக்கு இருபது பங்கு சுற்றியுள்ள ஜனங்களுக்கு உரியது என்று யுகாண்டாவில் சட்டம் இருக்கிறது. பூமியை இழந்ததற்கு அது ஈடாகாது. எனினும், அவர்களுக்கும் பாத்தியதை உண்டு என்று ஒப்புக்கொண்டதாகிறது.

கிடெப்போவுக்குப் போகும் பாக்கியம் உங்களுக்குக் கிட்டினால், வறட்சிக் காலத்தில் போங்கள். அப்போதுதான் மிருகங்களை ஒருங்கே காணலாம். வனக்காவலர் துணையுடன் மொருங்கோலே மலைமேல் ஏறி ஈக் கிராமங்களுக்கும் போய் வரலாம். சிங்கத்துக்கு இரண்டு நாள் ஒதுக்கினால், அந்த மனிதர்களுக்கு ஒரு நாளாவது ஒதுக்குங்கள்.