மடியிலே கொண்டு வந்தவை

கொழும்பிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பெருந்தெரு, நீர்கொழும்பையும் சிலாபத்தையும் கடந்து, ஏறக்குறைய 130 கிலோமீற்றர் தூரத்திலே புத்தளத்தை அடைகின்றது. நகருக்குச் சற்று முன்னே, பாலாவிச் சந்தியில் இடப்புறம் திரும்பினால் கற்பிட்டிக்குப் போகும் வழி. ஒருபுறம் களப்பு, மறுபுறம் பெருங்கடல், நடுவிலே மணலும் தென்னையும். சந்தியை விட்டகன்றதும் உப்பளங்கள் தோன்றுகின்றன. பாத்திகளிலே தேங்கிய நீர் வெயிலிற் காய்ந்து வெண்மையாய்ப் பூத்துக் கிடக்கும் காட்சியைக் கண்டோர், ‘உப்புத்தளம்’ என்பதே புத்தளமாயிற்று என்று சொல்வோரின் கூற்றை எளிதில் நம்பிவிடுவர். ‘புதுத்தளம்’ என்பதே மூலம் என்று வாதிப்போரும் உளர். அவ்வழக்கை அறிஞர்களுக்கு விட்டுவிடுவோம்.

இவ்வழியில் ஓடும் பஸ் வண்டியிலே அமர்ந்து, உடன் வருவோரைச் சற்றுக் கவனிப்பது நல்ல பொழுதுபோக்காகும். சாரத்தின் மேலே பைகள் வைத்த அகன்ற தோல்வாரைக் கட்டியிருக்கின்றார் ஒரு முதியவர். பணமும் மூக்குக்கண்ணாடியும் அதற்குள் அடக்கம். கைக்குட்டையின் மூலையிலே நாணயங்களை முடிந்து உள்ளங்கையிற் பொத்தி வைத்திருக்கின்றார் ஒரு மூதாட்டி. மாணவரிடம் புத்தகப் பையும் கைத்தொலைபேசியும். திறப்புக் கோவை, தஸ்பீஹ் மணி, மருந்துச் சீட்டு, மடித்து மடித்து நைந்துபோன ஒரு புகைப்படம், அடையாள அட்டை. இவை இன்றி எவரும் வாசற்படி தாண்டுவதில்லை. ஆயினும் இவற்றைத் தாம் சுமப்பதாக எவரும் எண்ணுவதுமில்லை. தொலைந்த அன்றுதான் அவற்றின் கனம் தெரிகின்றது.

இக்கரைக்கு அந்தக் கனம் நன்கு தெரியும். 1344 ஆம் ஆண்டிலே இபுனு பதூதா என்னும் மொறொக்கோ நாட்டு யாத்திரிகர் இலங்கைக் கரையில் இறங்கினார். அவர் ‘பத்தாலா’ என்று குறித்த துறை புத்தளமே என்பது பெரும்பாலோர் கொள்கை. அங்கே ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, முத்துக் குளிப்பிற் கிடைத்த முத்துக்களைக் காட்டிச் சிலவற்றைப் பரிசாகவும் அளித்தான். பாவா ஆதமலையைத் தரிசிக்கப் பல்லக்கும் ஆட்களும் கொடுத்துதவினான். யாத்திரிகரோ இலங்கையில் தமக்குக் கிடைத்த மணிகளை மடியிலே பத்திரமாகக் கொண்டு திரிந்தார். பின்னர் இந்தியாவின் மேற்குக் கரையோரமாகச் சென்றபோது கடற்கொள்ளையர் அவரை வளைத்துக்கொண்டனர். முத்தும் மாணிக்கமும் போயின. பெரியோர் அளித்த உடைகளும் போயின. இடுப்பிலே ஒரு காற்சட்டை மட்டுமே எஞ்சியது. அக்கோலத்துடன் கள்ளிக்கோட்டைப் பள்ளிவாசலுக்குள் நுழைந்த அவருக்கு ஒருவர் உடை அனுப்பினார், காதியார் தலைப்பாகை அனுப்பினார், ஒரு வணிகர் மற்றோர் உடை அனுப்பினார்.

இச்செய்தியில் எம்மை மிகவும் கவர்வது மணிகளின் இழப்பன்று. புகாரா நகரத்துக் கல்லறைகளிலே கண்ட வாசகங்களை அவர் பிரதிசெய்து வைத்திருந்தார். அவையும் இக்கொள்ளையிலேயே போயின என்று தம் நூலிலே குறிப்பிடுகின்றார். கொள்ளையருக்கு அந்த ஏடுகளால் ஒரு காசும் பயனில்லை. எழுதியவருக்கோ அவற்றுக்கு ஈடாக வேறொன்றில்லை. பிற்காலத்தில் அவர் தம் பயணங்களைச் சொல்லி எழுதுவித்தபோது பெரிதும் நினைவையே நம்ப வேண்டியதாயிற்று.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். 1990 ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்தின் பிற்பகுதியிலே, தமிழீழ விடுதலைப் புலிகள் இயக்கத்தினர் வட மாகாண முஸ்லிம்களை ஊரை விட்டு வெளியேறுமாறு கட்டளையிட்டனர். ஏறத்தாழ 75,000 பேர் சில நாள்களுக்குள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணை இழந்தனர். யாழ்ப்பாண நகரிலே, ஒற்றோபர் 30 ஆம் திகதி, அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். எதைக் கொண்டு செல்லலாம் என்பதற்கும் அளவு வகுக்கப்பட்டது. அவ்வளவு இடத்துக்கு இடம் வேறுபட்டது. மன்னார்த் தீவிலே குடும்பத்துக்கு 2,000 ரூபாவும் ஒரு பவுண் பொன்னும் சில பைகளும் என்றனர். யாழ்ப்பாணத்திலே 500 ரூபாவுக்கு மேற்படாத பணமும் மாற்றுடையும் மட்டுமே. சோதனை நிலையங்களில் நகைகள் கழற்றப்பட்டன. சிறுமியரின் காதணிகளும் தப்பவில்லை.

வாசகர் ஒரு கணம் தம் வீட்டை மனத்தால் சுற்றி வருவாராக. இரண்டு மணித்தியாலத்தில் எதை எடுப்பது? அலுமாரியைத் தூக்க முடியாது. தையல் இயந்திரத்தையும் கிணற்றடி மாமரத்தையும் விட்டுத்தான் போக வேண்டும். அப்போது கை எதை நாடும்? பெரும்பாலும் அது நாளாந்தம் கையிலும் மடியிலும் இருந்த பொருளையே நாடுகின்றது: பணப்பை, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறு, குழந்தையின் பாற்போத்தல். இவற்றிலும் எல்லாம் எல்லோருக்கும் வாய்க்கவில்லை. உறுதியை எடுக்க மறந்தோரும், எடுத்தும் வழியிலே பறிகொடுத்தோரும் உண்டு.

மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி முதலிய ஊரவர் படகேறி வந்து கற்பிட்டிக் கரையிலே இறங்கினர். யாழ்ப்பாணத்தார் தரைவழியாக, பாதித் தூரம் நடந்தும் பாதித் தூரம் கிடைத்த வண்டியில் தொற்றியும் வந்தனர். புத்தளத்து மக்கள் சோறு சமைத்துக் கொடுத்தனர். பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் தென்னந்தோட்டங்களையும் திறந்துவிட்டனர். தில்லையடியிலும் ஆலங்குடாவிலும் பாலாவியிலும் கிடுகுக் குடிசைகள் எழுந்தன. சில வாரங்களில் முடியும் என்று இரு சாராரும் நினைத்த விருந்து பல்லாண்டு நீடித்தது. நீருக்கும் தொழிலுக்கும் பள்ளியிடத்துக்கும் போட்டி எழுந்தபோது மனக்கசப்பும் தோன்றாமலில்லை. அதை மறைப்பது முதலில் நீண்ட கைகளுக்குப் பெருமை சேர்ப்பதாகாது.

பறிபோன பொன்னுக்குச் சந்தை விலை உண்டு. உழைத்தால் ஒருநாள் மீண்டும் வாங்கலாம். மூன்றாகவும் நான்காகவும் மடித்த அந்தக் காகிதத்தின் மதிப்போ ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே சென்றது. நிவாரண அட்டை பெறுவதற்கு அடையாளம் வேண்டும். பிள்ளையைப் பாடசாலையிற் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பல தேர்தல்களில் இவர்கள் புத்தளத்தில் இருந்தவாறே வடக்கின் வாக்காளராக வாக்களித்தனர்; அதற்கும் தாம் இன்னார் என்று காட்ட வேண்டும். உலக வங்கியின் உதவியுடன் 2007 இல் தொடங்கிய வீடமைப்புத் திட்டத்திலே, வீட்டுக்கு முன்னதாகக் காணியின் உரிமைப் பத்திரம் கேட்கப்பட்டது. 2009 இல் போர் முடிந்து ஊருக்குத் திரும்ப முயன்றோர், காடு மூடிய நிலத்தின் முன்னே நின்று, இது எமது என்று நிறுவ வேண்டியிருந்தது. உறுதி தொலைந்தாற் பதிவகத்திலே பிரதி பெறலாம் என்பது மெய்தான். ஆனால் அப்பதிவகமும் போர் நடந்த மண்ணிலேதான் இருந்தது.

குடிமக்கள் ஆணைக்குழு ஒன்று இம்மக்களின் வாக்குமூலங்களைத் திரட்டி 2011 இல் அறிக்கையாக வெளியிட்டது. வரலாறு பயிலும் மாணவர் அதனைத் தேடிப் படித்தல் நன்று.

அடையாள அட்டையைப் பற்றி இன்னும் ஒரு சொல். 1972 முதல் எமது நாட்டிலே வழங்கிவரும் இவ்வட்டையின் பழைய இலக்கத்தில் ஒன்பது எண்களும் ஓர் எழுத்தும் இருக்கும். முதலிரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டிலே எத்தனையாம் நாள் என்பது. பெண்களாயின் அதனோடு 500 ஐக் கூட்டியிருப்பர். மாணவர்கள் தம் பெற்றோரின் அட்டையைக் கேட்டு வாங்கிக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 2016 முதல் வழங்கப்படும் இலக்கத்திற்குப் பன்னிரண்டு எண்கள். எண் மாறினும், அட்டையிலே மாறாத ஒரு வரி உண்டு: பிறந்த இடம்.

புத்தளத்திலும் கற்பிட்டியிலும் இன்று வாழும் குடும்பங்கள் பலவற்றிலே தந்தையின் அட்டையில் யாழ்ப்பாணம் என்றிருக்கும், தாயினதில் மன்னார் என்றிருக்கும், பிள்ளைகளுடையதிற் புத்தளம் என்றிருக்கும். விண்ணப்பம் ஏதேனும் கொடுக்கக் குடும்பமாய் அலுவலகம் செல்லும் நாளில், அத்தனை அட்டைகளையும் தாயார் ஒரே பணப்பையிலே இட்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு வரிசையில் நிற்கின்றார்.