கழுகுகள் இறங்கிய பாறை

திருக்கழுக்குன்றத்தில் பிறந்தவனுக்குப் பறவை பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. உச்சி வேளை நெருங்கும்போது வேதகிரி மலைமேல் இரண்டு கழுகுகள் வந்து இறங்கும். வெளியூர்க்காரர்கள் படியேறி மூச்சு வாங்கி நிற்பார்கள். பாறையில் ஒருவர் பாத்திரத்தோடு உட்கார்ந்திருப்பார். அரிசி, கோதுமை, நெய், சர்க்கரை எல்லாம் சேர்த்த பிரசாதம் அதில் இருக்கும். முதலில் வானத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். கூட்டம் "அரகரா" என்று எழும்பும். புள்ளி வட்டமடித்து இறங்க இறங்க, வெள்ளை உடம்பும் கறுத்த சிறகோரமும் தெளியும். கடைசியாக அந்த மஞ்சள் முகம். பாறையில் இறங்கியதும், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடக்கும் பெரியவரைப் போல, ஒவ்வொரு அடியாக வைத்து வந்து சாப்பிடும்.

அவை கழுகுகளே அல்ல, சிவனிடம் சாபம் வாங்கிய முனிவர்கள் என்பது ஊர் நம்பிக்கை. மொத்தம் எட்டுப் பேர். யுகத்துக்கு இரண்டு பேராக விடுபட்டுப்போய், கலியுகத்துக்கு மிஞ்சியது இந்த இருவர். என்றாவது வராமல் போனால், கூட்டத்தில் பாவி யாரோ நிற்கிறான் என்று பேசிக்கொள்வார்கள். தாமதமான நாட்களில் எனக்கு வயிறு கலங்கும். "கண்ண மூடிக்கினு கும்புடுடா, வரும்" என்பார் ஆயா. நான் மூடவில்லை. எந்தத் திசையிலிருந்து வருகிறது, சிறகை எப்போது மடக்குகிறது, இரண்டில் எது முதலில் இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த வயதிலும் நான் செய்வது அதைத்தான்.

ஆயாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் வயல் வரப்பில் நின்று அவர் சொல்லித் தந்த பெயர்கள்தான் இன்றும் என் நாக்கில் முதலில் வருகின்றன: மடையான், உள்ளான், கரிச்சான், செம்போத்து, ஆட்காட்டி, தவிட்டுக்குருவி. சத்தம் கேட்ட மாத்திரத்தில் பெயர் சொல்வார். தலை தூக்கிப் பார்க்கக்கூட மாட்டார்.

அப்பா வேடந்தாங்கலுக்குக் கூட்டிப்போனது ஒரு தை மாதத்தில். படாளம் கூட்டு ரோட்டில் இறங்கி உள்ளே போக வேண்டும். ஏரிக்கரையில் ஏறியதும் நான் வாயடைத்து நின்றேன். தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் இலை தெரியவில்லை; கிளை கிளையாக நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், பாம்புத்தாரா, கூழைக்கடா. குஞ்சுகளின் கூச்சல் காதை அடைத்தது. பக்கத்தில் நின்ற விவசாயி ஒருவர் அப்பாவிடம், இந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நிலத்துக்கு வேறு உரம் வேண்டாம் என்றார். எச்சம் கரைந்த நீர் அது. பறவைகளை அந்த ஊர் விட்டுக்கொடுக்காததற்கு அதுவும் ஒரு காரணம். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு வந்து சுட்டபோது ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-லேயே பாதுகாப்பு உத்தரவு வாங்கியிருக்கிறார்கள். காட்டிலாகா என்ற ஒன்று உருவாகும் முன்பே நடந்த காரியம் இது. சரணாலயம் என்றதும் அரசாங்க வேலியை நினைப்பவர்கள் ஒருமுறை அந்தக் கரையில் போய் நிற்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் நோட்டுப் புத்தகம் வந்தது. தேதி, இடம், பறவை, எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது. கல்லூரி நூலகத்தில் சாலிம் அலியின் பறவைப் புத்தகம் கிடைத்தபோது நான் முதலில் தேடியது எங்கள் மலைக் கழுகுகளை. பாறு இனம் என்று போட்டிருந்தது. தமிழில் மஞ்சள்முகப் பாறு, பாப்பாத்திக் கழுகு என்கிறார்கள். குஞ்சுப் பருவத்தில் கரும்பழுப்பாக இருந்து, வருடங்கள் போகப்போக வெளுக்கும். இந்தியாவில் வாழும் வகையின் அறிவியல் பெயரில் செஞ்சி ஒட்டியிருப்பதைப் பின்னால் அறிந்தேன். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் சொன்னரா அதைச் செஞ்சிப் பாறு என்றே விவரித்திருக்கிறார். எங்கள் பக்கத்து மண்ணின் பறவை என்று அன்றைக்கு எனக்கு உண்டான பெருமிதம் இன்னும் குறையவில்லை.

1990-களில் அவற்றின் வரவு நின்றது. ஒரே நாளில் நின்றதாக நினைவில்லை. இரண்டு ஒன்றானது, தினமும் வந்தது எப்போதாவது என்றானது, பிறகு பாத்திரத்தோடு உட்கார்ந்தவர் வெறுமனே எழுந்து போனார். கலி முற்றிவிட்டது என்றார்கள் ஊரில். அதே வருடங்களில் இந்தியா முழுவதும் பாறுகள் செத்து விழுந்துகொண்டிருந்தன. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்து செத்த மாட்டின் உடலில் தங்கி, அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தை அழித்தது. 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்தது. மஞ்சள்முகப் பாறுவும் வேகமாகச் சரிந்தது. கால்நடைக்கு அந்த மருந்தைத் தடைசெய்தது 2006-ல். படியேறி வந்து கைகூப்பி நின்ற எளிய சனங்களைப் பாவி என்பதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன்.

இப்போது தமிழ்நாட்டில் பாறு பார்க்க வேண்டுமானால் மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும். ஆற்றோர நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு வைக்கின்றன. அவை உயரத்தில் வட்டமிடுவதைப் பார்த்தபோது என்னையறியாமல் "அரகரா" என்று வாய் முணுமுணுத்தது. ஆயா இருந்திருந்தால் இம்முறையும் கண்ணை மூடச் சொல்லியிருப்பார்.

எங்கள் ஊரில், கழுகு கடைசியாக வந்தது எப்போது என்று கேட்டால் ஆளுக்கொரு வருடம் சொல்கிறார்கள். தினமும் ஆயிரம் கண்கள் பார்த்த பறவை. தேதி எந்தத் தாளிலும் இல்லை. அரிய பறவையைத் தேடி அலைபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வாசலில் வந்து உட்காரும் காக்கையையும் மைனாவையும் முதலில் எழுதுங்கள். 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மொட்டைமாடியில் பதினைந்து நிமிடம் நின்று எண்ணினால் போதும், யாரும் சேரலாம். வருகிற பொங்கலுக்கு உங்கள் தெருவின் பட்டியலையும் சேருங்கள். வீட்டில் ஆயா இருந்தால் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.